தொட்டி நிரம்பியாச்சா? – புயல் சிறப்புக் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புயலைப் பற்றித்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் கிழக்குக் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு காது எப்போதும் வானிலைச் செய்தியில்தான் இருக்கும். அதனால் மாமியார், வரன், முடி உதிர்வு எல்லாவற்றையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த முறை முழுக்கப் புயல்.

அக்கா, எங்கள் வீடு இரண்டாவது மாடி. வெள்ளம் அவ்வளவு உயரம் வராது, கான்கிரீட் கட்டடம் என்பதால் காற்றுக்கும் பயமில்லை. டிவியில் புயல் என்று சொன்னதுமே என் கணவர் பத்து பிரெட் பாக்கெட் வாங்கி வந்துவிட்டார். வேறு என்ன செய்ய வேண்டும்?
– வேளச்சேரி வாசகி

பிரெட் கிடக்கட்டும், மொட்டை மாடித் தொட்டி நிரம்பியாச்சா? மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் அதுதான். காற்றில் கம்பம் சாயும், இல்லை முன்னெச்சரிக்கையாக ஈபிகாரர்களே கரண்டை நிறுத்துவார்கள். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் மூன்றாவது நாள் உங்கள் கழிவறையில் ஊற்ற ஒரு வாளித் தண்ணீர் இருக்காது. ஒருமுறை ஃப்ளஷ் செய்தாலே 6 முதல் 10 லிட்டர் போய்விடும். அதனால் காற்று எழும்புவதற்கு முன் தொட்டியை விளிம்பு வரை ஏற்றுங்கள். காலித் தொட்டி காற்றில் உருளும், நிறைந்த தொட்டி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் என்பது கூடுதல் லாபம். மூடியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். 2016 வர்தாவில் எங்கள் தொட்டி மூடி மூன்றாவது வீட்டு மாடியில் போய் விழுந்தது, திரும்ப வாங்கப் போனபோது அங்கே வேறு இரண்டு வீட்டு மூடிகளும் கிடந்தன.

குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். நாலு பேர், ஐந்து நாள் என்றால் 80 லிட்டர், அதாவது நாலு கேன். கேன் போடுகிற தம்பிக்கு இன்றைக்கே போன் போடுங்கள், நாளைக்கு அவர் எடுக்க மாட்டார். குடம், அண்டா, பக்கெட், கல்யாணத்துக்கு வாங்கிப் பரணில் ஏற்றிய தவலை எல்லாவற்றிலும் புழங்குகிற தண்ணீர். பால் கெட்டுப்போகும், பால் பவுடர் கெடாது. அவல், ரவை, கடலை, ஊறுகாய் இருந்தால் போதும். சிலிண்டர் கடைசி மூச்சில் இருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள்.

அப்புறம் பணம். வர்தா வந்தது டிசம்பர் 12, பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை, ஏடிஎம்மில் கரண்ட் இல்லை, கார்டு தேய்க்கலாம் என்றால் சிக்னல் இல்லை. அன்று மெழுகுவத்தி வாங்கக் கடன் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இப்போது எல்லாமே போனில் ஸ்கேன் செய்வதுதான், நிலைமை இன்னும் மோசம் என்றே சொல்வேன். டவர் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அதற்குப் பிறகு உங்கள் போன் வெறும் டார்ச் லைட்தான். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஓர் இரண்டாயிரம் ரூபாயாவது வீட்டில் வைத்திருங்கள்.

பால்கனியில் இருக்கிற பூந்தொட்டி, செருப்பு ஸ்டாண்ட், துணி காயப்போடும் ஸ்டாண்ட் எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும். உங்களுக்கு அது ரோஜாத் தொட்டி, கீழே போகிறவருக்கு நாலு கிலோ கல். லிஃப்டைப் புயலன்று தொடவே வேண்டாம்.

இன்னொன்றும் உங்கள் ஏரியாவுக்கு. 2023-இல் மிக்ஜாம் கரையைக் கடந்தது சென்னையிலேயே இல்லை, ஆந்திராவில் பாபட்லா பக்கம். ஆனால் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் எத்தனை நாள் தண்ணீரில் நின்றன என்று உங்களுக்கே தெரியும். "நமக்கு வரவில்லை, ஆந்திரா போய்விட்டது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் போட்டால் நம்பித் தொட்டியை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள்.

துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் சொல்கிறார்கள். ஊரே பயந்துபோய் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?
– நாகப்பட்டினம் வாசகர்

அந்தக் கூண்டு கப்பல்காரர்களுக்கான பாஷை. மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது, 3, 4 என்றால் துறைமுகத்திலேயே மோசமான வானிலை வரலாம், 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரிய ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். இடையில் எண் மாறுவது புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைப் பொறுத்தது, அது மாலுமிக்குத்தான் உபயோகம்.

வீட்டில் இருக்கிற நாம் பார்க்க வேண்டியது வானிலை மையம் கொடுக்கிற எச்சரிக்கையின் நிறம். மஞ்சள் வந்தால் கவனம், ஆரஞ்சு வந்தால் வேலைகளை முடித்துக் கட்டு, சிவப்பு வந்தால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டக்கூடும், வெளியே போகாதே. வானிலை மையம் பொதுவாக 48 மணி நேரம் முன்னால் ஒரு எச்சரிக்கையும் 24 மணி நேரம் முன்னால் அதைவிடக் கடுமையான ஒன்றும் கொடுக்கும். முதலாவது வரும்போது கடைக்குப் போங்கள். இரண்டாவது வரும்போது நீங்கள் கடையில் நிற்கக் கூடாது.

கஜாவில் 40 தென்னை போய்விட்டது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வழி உண்டா? மாட்டுக்கொட்டகையும் சமையல்கட்டும் சிமெண்ட் ஷீட். மேலே கல் வைத்திருக்கிறோம்.
– பேராவூரணி வாசகர்

அண்ணே, எங்கள் அம்மா வீடும் பட்டுக்கோட்டைக்குப் பக்கம்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன். கஜா வந்தது 2018 நவம்பர் 16 விடிகாலை. தோப்பில் விழுந்த மரங்களைப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன், நிறைய மரம் வேரோடு வந்திருந்தது, கொஞ்சம் மரம் நடுவில் முறுக்கிக்கொண்டு ஒடிந்திருந்தது. இரண்டுக்கும் காரணம் தலைச்சுமை. குலையும் கீழ்மட்டையுமாகத் தலை கனத்த மரம் காற்றைப் பாய்மரம் மாதிரி பிடிக்கும். எச்சரிக்கை வந்த உடனே முற்றிய குலைகளை இறக்குங்கள், கீழ் அடுக்கு மட்டைகளையும் காய்ந்ததையும் கழித்துவிடுங்கள், குருத்தைச் சுற்றி இருக்கிற மேல்மட்டைகளைத் தொடாதீர்கள். மூன்று நாலு நாள் முன்னாலேயே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள், ஈர மண்ணில் வேர் பிடிக்காது. கஜா மாதிரி ஒன்று வந்தால் இதெல்லாம் செய்தும் விழும். நூற்றுக்கு பத்து மரம் நின்றால்கூட அது பல வருஷத்துக் காய், அதற்காகச் செய்வதுதான். மரம் ஏறுகிறவரைக் காற்று தொடங்கிய பிறகு ஏற்றாதீர்கள், அவர் கேட்டாலும் விடாதீர்கள்.

இன்னொரு வேலை யாரும் செய்வதில்லை. தோப்பை இப்போதே நாலு பக்கமும் நின்று தேதியோடு போட்டோ எடுங்கள், சிட்டா, அடங்கல் நகலோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். கஜாவுக்குப் பிறகு நிவாரணக் கணக்கெடுப்பில் "எத்தனை மரம் இருந்தது" என்ற ஒரு கேள்விக்கே ஆட்கள் வாரக்கணக்கில் அலைந்தார்கள்.

ஷீட் விஷயத்துக்கு வருகிறேன். மேலே இருக்கிற கல்லை இன்றைக்கே இறக்குங்கள். ஷீட் பறப்பது மேலே கனம் போதாததால் மட்டும் இல்லை. காற்று மேலே ஓடும்போது உறிஞ்சும், திறந்த பக்கம் வழியாக உள்ளே புகுந்தது கீழிருந்து தள்ளும், இரண்டும் சேர்ந்து ஷீட்டைக் கல்லோடு தூக்கும். அப்புறம் அந்தக் கல் எங்கே போய் இறங்கும்? கொக்கி போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து இறுக்குங்கள், துருப்பிடித்ததை மாற்றுங்கள், ஷீட்டுக்கு மேலாகக் கயிறோ கம்பியோ குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் தரையில் அடித்த முளையில் கட்டுங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருக்கட்டும். அன்று ராத்திரி யாரும் ஷீட்டுக்குக் கீழே படுக்க வேண்டாம், பக்கத்தில் காங்கிரீட் வீடு இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மாட்டை அவிழ்த்து விடுங்கள். கட்டிப்போட்ட மாடு கொட்டகையோடு போய்விடும், அவிழ்த்த மாடு மேடு தேடிக்கொள்ளும்.

அம்மா வீட்டில் 18 நாள் கரண்ட் இல்லை. வேனில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து தொட்டிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மோட்டார் ஓட்டிக் கொடுத்தார்கள். உங்கள் தெருவில் யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, அடி பம்பு எங்கே இன்னும் வேலை செய்கிறது என்று முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டினால் உடையாது என்கிறார்களே?
– சென்னை வாசகர்

உடையும். டேப் ஒட்டினதால் துண்டுகள் இன்னும் பெரிசாக விழும். டேப் காசை மிச்சம் பிடியுங்கள், திரைச்சீலையை இழுத்து விடுங்கள், ஜன்னலுக்கு அடியில் இருக்கிற கட்டிலை நகர்த்துங்கள். பிளைவுட் கிடைத்தால் வெளிப்பக்கம் அடிக்கலாம்.

அம்மாவுக்கு 68 வயது, தினமும் இன்சுலின். கரண்ட் போய் ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்றால் என்ன செய்வது?
– கடலூர் வாசகி

பயப்படாதீர்கள். இப்போது போட்டுக்கொண்டிருக்கிற குப்பி அல்லது பேனா, 30 டிகிரிக்கு மேல் போகாத நிழலான இடத்தில் இருந்தால் பெரும்பாலான வகைகள் நாலு வாரம் வரை தாங்கும். உங்கள் அம்மா போடுகிற வகைக்கு எத்தனை நாள் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திறக்காத ஸ்டாக்குக்குத்தான் குளிர்ச்சி வேண்டும். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராவிட்டாலும் அதற்கு இரண்டு மண் சட்டி ஓரளவு உதவும், பெரிசுக்குள் சின்னதை வைத்து நடுவில் மணலைக் கொட்டி அந்த மணலைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருங்கள், இன்சுலினை பிளாஸ்டிக் கவரில் கட்டிச் சின்னச் சட்டிக்குள் வைத்து மேலே ஈரத்துணி. ஐஸ்கட்டி மேல் நேராக வைக்கவே கூடாது, ஒருமுறை உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

ஃபிரிட்ஜைச் சும்மாச் சும்மாத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். இப்போதே ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்தால் இன்னும் கொஞ்சம் நேரம். ஊசி, சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப், மற்ற மாத்திரைகள் எல்லாம் இரண்டு வாரத்துக்கு வாங்கிவிடுங்கள். தலைமாட்டில் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும், இந்தக் களேபரத்தில் சாப்பாடு நேரம் தவறும், சர்க்கரை இறங்குவதுதான் அன்றைக்கு ஆபத்து.

வீட்டில் மாதம் நிறைந்த கர்ப்பிணி இருந்தாலும் இதே மாதிரிதான், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், புயலுக்கு முதல் நாளே ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

முடிச்சூரில் தரைத்தள வீடு. 2015, 2023 இரண்டு தடவையும் தண்ணீர் வந்தது. பொருட்களை மேலே ஏற்றத் தெரியும். அதைத் தவிர?
– முடிச்சூர் வாசகர்

அனுபவஸ்தர் நீங்கள், ஆனாலும் மூன்று சொல்கிறேன்.

சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி. வெள்ளத்தில் முதலில் கெடுவது அதுதான், சாக்கடைத் தண்ணீர் மூடி இடுக்கு வழியாக இறங்கிவிடும், மேலே தெளிவாகத்தான் தெரியும். மூடிக்குக் கீழே கெட்டியான பாலித்தீன் விரித்து, மூடி வைத்து, சுற்றிக் களிமண் அப்புங்கள். அப்படியும் தண்ணீர் வடிந்த பிறகு சம்பை இறைத்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடாமல் ஒரு சொட்டு மேலே ஏற்றக் கூடாது. ஏற்றினால் நல்லதாக இருந்த மாடித் தொட்டியும் சேர்ந்து கெடும்.

இரண்டாவது, கழிவறை. தெருவில் நீர்மட்டம் ஏறினால் பீங்கான் வழியாகவே உள்ளே கொப்பளிக்கும். சாக்கில் மணல் கட்டி அதன் வாயில் அழுத்தி வையுங்கள், குளியலறை ஓட்டைக்கும் ஒன்று.

மூன்றாவது இன்வெர்ட்டர். மெயினை அணைத்துவிட்டோம், கரண்ட் இல்லை என்று நினைத்து முழங்கால் தண்ணீரில் நடப்போம், மூலையில் இன்வெர்ட்டர் சமர்த்தாகப் பிளக் பாயிண்டுக்கு கரண்ட் கொடுத்துக்கொண்டு இருக்கும். அதையும் அணைத்துப் பிரித்து மேலே ஏற்றுங்கள். சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, ஜன்னல் கம்பியில் கட்டுங்கள், அது மிதக்கும்.

கார் இருந்தால் மேட்டுக்குக் கொண்டுபோங்கள். 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை கொடுத்ததும் வேளச்சேரி மேம்பாலம் முழுக்கக் காரை நிறுத்தினார்களே, அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நான் இல்லை. மரத்தடி மட்டும் வேண்டாம். நனைந்த காரை ஆசைக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு திருகலில் இன்ஜின் போய்விடும், இன்சூரன்ஸ்காரர்களும் கையை விரிப்பார்கள்.

காற்று நின்றதும் வெளியே போனேன், என் மனைவி இன்றுவரை திட்டுகிறாள். நின்ற பிறகு போனால் என்ன தப்பு?
– புதுச்சேரி வாசகர்

உங்கள் மனைவி பக்கம்தான் நான். புயலின் நடு மையமான கண் பகுதி நம் தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று அடங்கும், சில சமயம் வானம்கூட வெளுக்கும். வர்தாவில் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் நாலு பேர் செல்ஃபி எடுக்கக் கிளம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும், ஏற்கெனவே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற மரங்களை இந்த அடிதான் தள்ளும். ரேடியோவில் முழுதாகக் கடந்துவிட்டது என்று சொன்ன பிறகும், அறுந்து கிடக்கிற வயரைக் கண்டால் தாண்டாதீர்கள், மின்வாரியத்தின் 94987 94987-க்குச் சொல்லுங்கள். மற்ற அவசரத்துக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. இவை தமிழ்நாட்டு நம்பர்கள், உங்கள் ஊர் நம்பரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மழையையும் மறக்காதீர்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், காற்றளவில் வெறும் 'புயல்', தீவிரப் புயல்கூடக் கிடையாது. ஆனால் நகராமல் அங்கேயே நின்று உங்கள் ஊரில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் கொட்டியது.

என் மகள் அமெரிக்காவில் டாம்பாவில் இருக்கிறாள். ஹரிக்கேன் வருகிறது, வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள் என்கிறாள். சொந்த வீட்டை விட்டு ஏன் போக வேண்டும் என்று என் கணவர் சத்தம் போடுகிறார்.
– கும்பகோணம் வாசகி

ஐயாவைச் சமாதானப்படுத்துங்கள், மகள் சரியாகத்தான் செய்கிறாள். ஹரிக்கேன் என்பது நம் புயலேதான், காற்று மணிக்கு 119 கி.மீ. தாண்டினால் அங்கே அந்தப் பெயர், நம் கணக்கில் ஏறக்குறைய மிகத் தீவிரப் புயல். அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை சீசன். அமெரிக்காவில் பல ஊர்களில் வீடுகள் மரச்சட்டத்தில் கட்டியவை. ஆனால் அவர்களைக் கிளம்பச் சொல்வது முக்கியமாகக் கடல்நீருக்காக. கடலோரத்தை ஏ, பி, சி என்று பிரித்து வைத்திருப்பார்கள், ஏ-தான் முதலில் கிளம்ப வேண்டும். 2024 செப்டம்பரில் ஹெலீன் கரையேறியது டாம்பாவுக்கு வெகு வடக்கே, அப்படியும் டாம்பா வளைகுடா ஓரத்தில் கடல் வீடுகளுக்குள் நுழைந்தது. இரண்டே வாரத்தில் மில்டன் வந்தது. ஒன்று முதல் ஐந்து வரை சொல்கிற 'கேட்டகரி' காற்றை மட்டும் அளப்பது, கேட்டகரி ஒன்றுதானே என்று தண்ணீரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

மகளிடம் கேட்க வேண்டியவை: காரில் பெட்ரோல் முழுசாக இருக்கிறதா, எந்த ஊருக்குப் போகிறாள், பாஸ்போர்ட், விசா தாள்கள் கையில் இருக்கின்றனவா. ஜெனரேட்டர் வாங்கியிருந்தால் வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டவே கூடாது, ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி வெளியே. அதன் புகையில் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு, புயலில் தப்பியவர்களை அது கொன்றிருக்கிறது. வெள்ளத்துக்கான இன்சூரன்ஸ் அங்கே தனி, அரசுத் திட்டத்தில் எடுத்து 30 நாள் கழித்துத்தான் பொதுவாக அமலுக்கு வரும், அதனால் இந்தப் புயலுக்கு உதவாது, அடுத்த சீசனுக்கு முன் எடுக்கச் சொல்லுங்கள். அவள் போன் எடுக்கவில்லை என்றால் பதறாதீர்கள், ஒரு வரி மெசேஜ் போட்டு வையுங்கள், பேச்சு போகாத இடத்திலும் எழுத்து போய்ச் சேரும்.

புயலுக்குப் பேர் யார் வைக்கிறார்கள்?
– ஈரோடு வாசகர் (உங்களுக்கென்ன, கடலே இல்லை!)

வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சுற்றியிருக்கிற 13 நாடுகள் கொடுத்த பட்டியல், வரிசையாக எடுத்துச் சூட்டுவார்கள். கஜா இலங்கை கொடுத்தது, வர்தா பாகிஸ்தான், ஃபெஞ்சல் சவுதி. இந்தியா கொடுத்ததில் 'முரசு' என்று நம் சொல்லும் ஒன்று இருக்கிறது.

எங்கள் தாத்தா கடலோரம் தனியாக இருக்கிறார், கீற்று வீடு. முகாமுக்கு வரவே மாட்டேன் என்கிறார். "தனுஷ்கோடி போனப்பவே நான் பார்த்தவன்" என்கிறார். எப்படி அழைத்துவருவது?
– வேதாரண்யம் வாசகி

1964-ஐப் பார்த்தவரிடம் புயல் பயம் காட்டினால் எடுபடாதும்மா. அவர் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா? என் அனுபவத்தில் பெரியவர்கள் வீட்டுக்காக உட்காருவதில்லை, வீட்டில் இருக்கிற ஏதோ ஒன்றுக்காக உட்காருகிறார்கள். ஆடு வளர்க்கிறார் என்றால் முதலில் ஆடுகளை மேட்டில் இருக்கிற சொந்தக்காரர் கொட்டகையில் கொண்டுபோய்க் கட்டாமல் அடைத்து வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், கண்ணாடி, பல் செட், மாத்திரை எல்லாவற்றையும் அவர் கண் முன்னாலேயே பையில் போட்டு, பையை அவர் கையிலேயே கொடுங்கள். இருட்டின பிறகு கூப்பிடாதீர்கள், வெளிச்சம் இருக்கும்போதே, மழை தூறலாக இருக்கும்போதே. "ஆடு அங்கே கத்துது தாத்தா, ஒரு நடை வந்து பாருங்க" என்று சொல்லுங்கள், கிளம்புவார். வெற்றிலைப் பெட்டி எங்கே என்று பாதி வழியில் கேட்பார், அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிடப் பார்ப்பார். அதை முன்னாலேயே உங்கள் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.